இரண்டு கேன் காவித் தண்ணீருடன் காட்டுக்குப்பம் வரை

எங்கள் மின்னஞ்சல் குழுவில் தமிழ் தெரிந்த நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்: எண்ணூருக்கு எப்படிப் போவது, யாரைப் பார்ப்பது, சிப்பி ஓட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதற்குப் பதில் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நான் போனது 2007 ஆவணிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு பகல் வேலைதான்.

குழுவில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்கள் ஊர் ஜோலார்பேட்டையிலிருந்து முப்பத்தோரு கிலோமீட்டர், மலையடிவாரம். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். (தண்ணீர் இப்படி என்று தெரிந்தால் பெண் கொடுக்க யோசிக்கிறார்களாம்.) எங்கள் மலையில் ஒரு காலத்தில் செம்பு எடுக்கச் சுரங்கம் தோண்டினார்கள். கட்டுப்படியாகவில்லை என்று குழியைக்கூட மூடாமல் விட்டுப் போனார்கள். அந்தக் குழியிலிருந்து கசியும் தண்ணீர் ஓடையில் இறங்கி எங்கள் ஏரிக்கு வருகிறது. காவி நிறம். நாக்கில் வைத்தால் புளிக்கும். புளிப்பைக் காட்டும் சோதனைத் தாள் ஒன்று உண்டு. நல்ல தண்ணீரில் நனைத்தால் ஏழுக்குப் பக்கத்தில் காட்டும். எங்கள் ஓடையில் நனைத்தால் மூன்று. ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மூன்று வருடமாக ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் ஏரியில் கலந்து, நாற்றங்கால் மொத்தமும் கருகியது.

நான் விவசாயி இல்லை. தாலுகா டவுனில் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். இரண்டாவது வருடமும் நாற்று போனபோது, ஏரிப் பாசனக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சென்டருக்கு வந்து நின்று, "உங்க பொட்டியிலதான் எல்லாம் கீதுன்றாங்களே, இதையும் கேட்டுப் பாரும்மா" என்றார்கள். அப்படித் தேடிக் கிடைத்ததுதான் இந்தக் குழு. சுரங்கத்தால் கெட்ட ஓடைகளைச் சரிசெய்யப் பார்க்கிறவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருந்து கேள்வி போடுவார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். எல்லாம் ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன்.

குழுவின் யோசனைப்படி முதலில் ஓடையில் சுண்ணாம்புக் கல் போட்டோம். மூன்று மாதம் நன்றாக வேலை செய்தது. அப்புறம் கல்லின் மேல் காவி ஏடு படிந்து, கல் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. படத்தோடு எழுதிப் போட்டேன். இரண்டு வகைப் பதில்கள் வந்தன. காற்றுப் படாமல் மூடினால் காவி படியாது என்றார் ஒருவர். கல்லுக்குப் பதில் சிப்பி ஓட்டை, சாணமும் வைக்கோலும் கலந்து, பள்ளத்தில் புதைத்துப் பாருங்கள் என்றார் இன்னொருவர். கடலே பார்க்காத ஊரில் சிப்பி ஓட்டுக்கு எங்கே போவது? அப்போதுதான், நான் குழுவில் சேர்ந்ததிலிருந்தே எனக்குத் தனியாகத் தமிழில் பதில் போட்டுவந்த, 'முகத்துவாரம்' என்ற பெயரில் எழுதும் ஒருவர் எழுதினார்: "எண்ணூர்க் கழிமுகத்தில் சிப்பி ஓடு உள்ளது. சேகரித்துத் தர ஆள் இருக்கிறார். ஆனால் வாங்கும் முன் உங்கள் தண்ணீரைக் கொண்டுவந்து சோதித்துப் பார்ப்பது அவசியம்."

ஒன்றரை வருடமாக அவரிடம் சந்தேகம் கேட்டிருக்கிறேன். பிழையில்லாத தமிழ், அளந்த சொற்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று நானே முடிவு செய்துகொண்டு ஒவ்வொரு கடிதத்தையும் 'மதிப்பிற்குரிய முகத்துவாரம் சார்' என்றுதான் தொடங்குவேன்.

இனிப் பயணம். முந்தின நாள் மாலையே ஜோலார்பேட்டை போய்ச் சித்தி வீட்டில் தங்கிவிட்டேன். காலை ஐந்து மணிக்குச் சென்னைக்கு விரைவு ரயில். முன்பதிவில்லாப் பெட்டிக்கு நாற்பத்தேழு ரூபாய். பத்து லிட்டர் எண்ணெய்க் கேன் இரண்டு நிறைய ஓடைத் தண்ணீர். (தேவையே இல்லை. ஐந்து லிட்டர் போதும். தோள்பட்டை நான்கு நாள் வலித்தது.) எட்டு ஐம்பதுக்கு சென்ட்ரல். வெளியே வரும் வழியில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் கேனைத் திறக்கச் சொன்னார். மோந்து பார்த்தார். புளித்த வாடை.

"சாராய ஊறலா?"

"இல்ல சார், ஓடைத் தண்ணி. சோதனைக்குக் கொண்டுபோறேன்."

தாளைக் கிழித்து நனைத்துக் காட்டினேன். தாள் சிவந்ததைப் பார்த்து அவருக்கு என்ன புரிந்ததோ, போகச் சொன்னார். பத்து நிமிடம் இதிலேயே போயிற்று. இப்படி எடுத்துப் போகிறவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சென்ட்ரலை ஒட்டியுள்ள புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஒன்பது இருபதுக்கு. கத்திவாக்கத்துக்கு ஆறு ரூபாய். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று போகும். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. எதிரே காலி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா விம்கோ நகர் வரை கேனையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது.

"இன்னாமா அது, டீயா?"

"எங்க ஊர் ஓடைத் தண்ணிம்மா."

"ஆத்துத் தண்ணி இந்தக் கலர்லயா? எங்க ஆத்தத்தான் கலீஜுன்னு சொல்லிகினு கீறேன். பரவால்ல போ."

கத்திவாக்கத்தில் இறங்கும்போது பத்துக்கு ஐந்து நிமிடம். பேராசிரியரைத் தேடினேன். நடைமேடைக் கடைசியில் நீல வாளி மூன்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் துப்பட்டா போட்ட, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தார். என் கையிலிருந்த கேன்களைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்.

"ஓடைக்கரை அக்காதானே? வாங்க. ரயிலு இன்னாக்கா, கரெக்ட் டைமுக்கு வந்துகிது."

'ஓடைக்கரை' என்பது குழுவில் என் பெயர். "நீங்கதான் முகத்துவாரம் சாரா?" என்றுதான் கேட்க வந்தது. சிரித்துவிட்டார். பெயர் நூர்ஜஹான். வீடு தண்டையார்பேட்டை. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலையில் சேர்ந்து, பதினொரு வருடத்தில் தண்ணீர்ச் சோதனை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவர். ஞாயிறுதான் விடுமுறை.

"ஒன்றரை வருஷமா சார் சார்னு எழுதறேன். ஒரு தடவை சொல்லியிருக்கலாமே?"

"சாருன்னு கூப்டா சொல்றத அப்படியே கேக்கறீங்க இல்ல? பாட்டில் கழுவறவன்னு எய்தியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மை என்னவென்று எனக்கே தெரியாததால் சொல்லவில்லை.

நிலையத்துக்கு வெளியிலிருந்து காட்டுக்குப்பத்துக்குப் பங்கு ஆட்டோ, ஆளுக்கு ஐந்து ரூபாய், கேனுக்குச் சேர்த்துப் பத்து. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதால் பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு இருபது நிமிடம் ஆனது. கழிமுகக் கரையில் டில்லி காத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மீன் குறைந்துபோன பிறகு படகில் போய்ச் சிப்பி ஓடு அள்ளி விற்கிறவர். நூர்ஜஹான் சொன்னதை நம்பி இரண்டு மாதமாக எங்களுக்கென்று அள்ளிச் சேர்த்திருந்தார். குவியல் என் உயரம் இருந்தது. வெயிலில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது.

நூர்ஜஹான் மூன்று வாளிகளையும் வரிசையாக வைத்தார். முதல் வாளியில் டில்லியின் ஓடும் எங்கள் ஓடைத் தண்ணீரும். இரண்டாவதில் வெறும் ஓடைத் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றாவதில் ஓட்டைப் போட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். அது எதற்கு என்று கேட்டேன். "உங்க தண்ணிக்கு ஓடு இன்னா பண்ணுதுன்னு முதல் வாளி சொல்லும். ஓட்டுலேர்ந்து இன்னா வருதுன்னு இது சொல்லும்" என்றார். மணி பத்து நாற்பது.

கரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். பன்னிரண்டே கால் மணிக்கு முதல் வாளியில் தாளை நனைத்தேன். ஆறைத் தாண்டி ஏழைத் தொட்டது. இன்னொரு தாளை நனைத்துப் பார்த்தேன். அதேதான். இரண்டு வருடத்தில், சுண்ணாம்புக் கல் வேலை செய்த மூன்று மாதத்தில்கூட, எங்கள் தண்ணீர் அந்த எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை. மழைக்கு இன்னும் ஐந்தாறு வாரம்தான் இருந்தது. நாளைக்கே லாரி பேசிவிட வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

நூர்ஜஹான் முதல் வாளியைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது வாளியை மெதுவாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல், ஒரு விரல் கனம். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். மை மாதிரி ஒட்டியது. ஒரு ஓட்டை எடுத்து உடைத்தார். மூட்டு இடுக்கிலும் அதே சாம்பல்.

"டில்லிண்ணா, இது வாணாம்."

டில்லிக்குப் புரியவில்லை. "இன்னா வாணாம்? அந்தக்கா கையில தாளு ஏழுங்குது. அப்பால இன்னா நூரு?"

"தாளுக்குப் புளிப்பு ஒண்ணுதான்ணா தெரியும். வேற எதுவும் தெரியாது. இது பவர் ஹவுசுல எரிக்கிற நிலக்கரிச் சாம்பலு. சாம்பல் பட்டாலும் புளிப்பு கொறையும், தாளு ஏழுன்னுதான் காட்டும். ஆனா அதுக்குள்ள இன்னா இன்னா கீதுன்னு எனக்கே தெரியாது. தெரியாத ஒண்ண அவங்க ஏரியில கொட்டச் சொல்ல மாட்டேன்."

"ரெண்டு மாசமா இடுப்பளவு தண்ணில நின்னு அள்ளிகிறேன். நீ சொல்லித்தான் அள்ளுனேன்."

"நான் சொல்லித்தான். தப்பு என்னுதுதான். ஆனியில நான் வந்து பாத்தப்போ இந்தப் பக்கம் சாம்பல் இல்ல. இப்போ எறங்கிகிது. வாரா வாரம் வந்து பாத்திருக்கணும், பாக்கல."

கழுவிவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எப்படியாவது அந்தக் குவியலை எடுத்துப் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. நூர்ஜஹான் உடைத்த ஓட்டை என் உள்ளங்கையில் வைத்தார். "எத்தினியக் கழுவுவீங்க? கழுவற தண்ணி எங்க போவும்?" அவர் அன்று கூட இல்லாமல் இருந்திருந்தால், ஏழு காட்டிய தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அந்த ஓட்டை எங்கள் ஏரியின் தலைமாட்டில் புதைத்திருப்பேன்.

டில்லி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாளிகளைக் கவிழ்த்து அடுக்கினோம். நூர்ஜஹான், "எங்க அத்தா காளவாயாண்ட ஒரு குமி கீது. அது சாம்பலு வர்றதுக்கு முன்னாடி எடுத்தது" என்றார். குரலில் உற்சாகம் இல்லை.

காளவாய் என்பது சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கும் சூளை. அவருடைய அப்பா திருவொற்றியூர்க் கால்வாய் ஓரம் அதை நடத்திவந்தார். வீடு கட்ட எல்லோரும் சிமெண்டுக்குப் போய்விட்டதால் தொழில் படுத்தது. அவர் இறந்ததும் மூடிவிட்டார்கள். சுடாத ஓடு அப்படியே கிடக்கிறது. இடம் இப்போது அப்பாவின் தம்பி, அதாவது சாச்சா பொறுப்பில். ஆட்டோவில் போகும்போது (அறுபது ரூபாய், ஆறு கிலோமீட்டர்) மீதியைச் சொன்னார். ஆண்கள் வேலை செய்கிற ஆய்வுக்கூடத்துக்கு நம் வீட்டுப் பெண் போகக் கூடாது என்று, இவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சாச்சா தடுத்திருக்கிறார். இவர் கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு அதற்காக ஒரு பெரிய சண்டை வந்து, அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. அந்த வாசலை அதற்குப் பிறகு அவர் மிதிக்கவில்லை. எனக்கு அந்தக் குவியலைப் பற்றி ஒன்றரை வருடமாகச் சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

சாச்சா வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, மூக்குக் கண்ணாடி. நூர்ஜஹான் சலாம் சொன்னார். பதில் சலாம் வந்தது. செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தார்.

"இன்னா விஷயம்?"

"பின்னால கிடக்கிற ஓடு வேணும் சாச்சா. இந்தக்கா ஊர்ல தண்ணி கெட்டுப் போச்சு."

"அது குப்ப. ஆறு வருசமா வராதவ, குப்பைக்கா வந்தே?"

"குப்பைக்குத்தான் வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து நூர்ஜஹான் கையில் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். நான் வாங்கி நூர்ஜஹானிடம் கொடுத்தேன்.

பின்பக்கம் முழுக்க வேலிக்காத்தான். அதற்குள் ஓட்டுக் குவியல், மேலே புழுதியும் குப்பையும் மண்டிக் கருப்பாக. டில்லியின் குவியல் வெள்ளையாக இருந்தது, இது பார்க்கவே சகிக்கவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த நேரத்தில் வாசலில் டிவிஎஸ் வண்டிச் சத்தம். டில்லி, பின்சீட்டில் மம்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். குப்பத்தில் யாரோ நாங்கள் ஆட்டோவுக்குச் சொன்ன இடத்தைக் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

"மேலாப்புல பாத்துட்டுப் போயிடுவீங்கன்னு தெரியும்" என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல். "ஓட்டுக் குமிய நாலு பக்கம் தோண்டாம ஒண்ணியும் சொல்ல முடியாது."

நான்கு இடத்தில் கை நீளம் ஆழத்துக்குத் தோண்டினார். உள்ளே வெள்ளை. நூர்ஜஹான் முதலில் குழாய்த் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் மண் படிந்தது, சாம்பல் இல்லை. ஒன்று ஐம்பதுக்கு எங்கள் தண்ணீரை ஊற்றினோம். நான்கு மணி நேரமாவது வைக்க வேண்டும் என்றார். தெரு ஆடுகள் வாளிப் பக்கம் வந்துகொண்டே இருந்தன. சாச்சா தன் நாற்காலியைத் தூக்கிவந்து வாளிகளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. உள்ளேயிருந்து நான்கு தட்டில் சோறு வந்தது. நூர்ஜஹானுக்கு முன்னால் வைத்த தட்டில் மட்டும் ஒரு முட்டை கூடுதல். அவர் அதைக் கவனித்தார், முதலில் அதையே எடுத்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்த பிறகு ரொம்ப நாளாக இருந்த கேள்வியைக் கேட்டேன். இங்கே சுரங்கமே இல்லையே, எங்கள் குழுவில் அவர் எதற்காகச் சேர்ந்தார்?

"எங்க கழிமுகத்துக்குத்தான் சேந்தேன். சாம்பல் வந்துகினு கீது, இன்னா பண்லாம்னு எய்திக் கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலு. மொதல்ல வர்றத நிறுத்துங்கன்னாங்க. அத்த நிறுத்துற பவரு என் கையில இல்ல. வெளிய வந்துடலாம்னுதான் பாத்தேன். அப்போதான் நீங்க எய்தினீங்க. உங்க சுரங்கத்துல வேல நின்னுபோச்சு. புதுசா ஒண்ணும் வராது. உங்களுக்கு இன்னா பண்ணாலும் நிக்கும். சரி, நிக்கிற எடத்துல பண்ணலாம்னு எய்த ஆரம்பிச்சேன்."

அவர் இதைச் சோகமாகச் சொல்லவில்லை. சோதனைச் சாலையில் முடிவு வாசிப்பது மாதிரிதான் சொன்னார்.

ஐந்து ஐம்பதுக்குத் தாளை நனைத்தோம். ஆறு. டில்லியின் ஓட்டில் வந்த ஏழு இல்லை. "இது நெசமான ஆறு" என்றார் நூர்ஜஹான். விலை என்ன என்று சாச்சாவைக் கேட்டேன். "குப்பைக்கு இன்னா வெல? ஏத்துறவனுக்குக் குடு" என்று டில்லியைக் காட்டினார். நாங்கள் கிளம்பும்போது, சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த நூர்ஜஹானிடம், "லாரி வர்ற அன்னிக்கு நீ கிட்ட இருந்து பாத்து ஏத்து" என்றார். சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

திருவொற்றியூரிலிருந்து ஆறு இருபத்தைந்துக்கு வண்டி, சென்ட்ரலில் அடுத்த ரயில். கேன் இரண்டும் காலி.

ஒன்பது நாள் கழித்து லாரி வந்தது. வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு, ஊர்ப் பொதுப்பணம். எதிர்பார்க்காத விஷயம், டிரைவர் பக்கத்தில் டில்லி. ஏற்றுவதற்கு மட்டும்தான் பேசியிருந்தோம். எங்கே போகிறது என்று பார்க்க வந்தேன் என்றார். ஊர்க்காரர்கள் ஓடையில் வெட்டிவைத்த பள்ளத்தில் ஓட்டைக் கொட்ட ஆரம்பித்ததும் கத்தி நிறுத்திவிட்டார். ஓட்டை அப்படியே கொட்டினால் ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் கிண்ணமாக அடைத்துக்கொள்ளும், மேலே வருகிற தண்ணீர் உள்ளே இறங்காது, நடுநடுவே பெரிய கருங்கல் ஜல்லி போட வேண்டும் என்றார். படகில் அள்ளிவந்த ஓட்டை ஈரம் வடியக் குவித்து வைக்கிற பழக்கத்தில் தெரிந்த விஷயமாம். குழுவில் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாள் தங்கி, கல்லும் ஓடும் ஆட்டுச் சாணமும் வைக்கோலுமாக நாற்பது மீட்டர் பள்ளத்தை அவர்தான் நிரப்ப வைத்தார். நான் அதை எழுதிப் போட்டதும் நான்கு நாட்டிலிருந்து வரைபடம் கேட்டார்கள். வரைபடத்தில் பெயர் என்னவென்று போடுவது என்று டில்லியிடம் கேட்டேன். "டில்லி, காட்டுக்குப்பம்னு போடு" என்றார். அப்படியே போட்டேன்.

ஐப்பசி மழை வந்தது. பள்ளத்திலிருந்து வெளியே வரும் தண்ணீர் ஆறு காட்டியது. பெருமழை பெய்த இரண்டு நாள் மட்டும் ஐந்துக்கு இறங்கியது. கரையோரம் இரண்டு நாற்றங்கால் மஞ்சளாகிப் போயின, மற்றவை நின்றன. மார்கழியில் பள்ளத்துப் பக்கம் அழுகிய முட்டை நாற்றம் என்று ஊரே என்னைத் திட்டியது. குழுவில் கேட்டேன். அந்த நாற்றம் வந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தமாம். ஊருக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஏரியில் மீன் இன்னும் இல்லை. இந்த அளவில்தான் வெற்றி. இதற்கு மேல் சொன்னால் பொய்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஞாயிறு தவிர மற்ற நாளில் நூர்ஜஹானைப் பார்க்க முடியாது, அதுவும் குழுவில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள். சோதனைத் தாள் எண்ணூரில் கிடைக்காது, ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். தாள் நல்ல எண் காட்டினால் அத்தோடு நிறுத்தாதீர்கள், வெறும் குழாய்த் தண்ணீரிலும் ஓட்டைப் போட்டுப் பாருங்கள். உங்கள் தண்ணீர் குடிநீராகவும் போகிறது என்றால் இந்தத் தாளை நம்பவே நம்பாதீர்கள், முறையான ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். மத்தியானம் வெயில் கடுமை, குடையும் குடிநீரும் அவசியம். காளவாய்க் குவியலில் இன்னும் இரண்டு லாரி ஓடு இருக்கிறது. சாவி இப்போது நூர்ஜஹானிடம்.

டில்லி எங்கள் ஊரிலிருந்து கிளம்பிய அன்று காலை, அவருடைய அந்தக் குவியலை என்ன செய்தார் என்று கேட்டேன். இரண்டு மாத உழைப்பு, எப்படியும் விற்றிருப்பார், எவ்வளவு நஷ்டமோ என்கிற குற்ற உணர்ச்சியில்தான் கேட்டேன்.

"கோயித் தீவனத்துல அரைச்சுக் கலக்க ஒர்த்தன் வந்து கேட்டான்" என்றார். "குடுக்கல. முன்னமே தெரியாம இருந்திருந்தா குடுத்திருப்பேன். இப்போ தெரிஞ்சி எப்டிக் குடுக்கிறது?"

அந்தக் குவியல் காட்டுக்குப்பம் கரையில் இன்னும் அப்படியே இருக்கிறது. பார்க்க வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். கேட்டால் டில்லி தர மாட்டார். அவர் இல்லாத நேரத்திலும் எடுக்காதீர்கள்.